மாடு ஓட்டும் ஒலியில் ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருப்பதியில் புத்தூர் பஸ் ஏறினோம். என்னுடன் வந்தவள் விடுதித் தோழி நோக்ஸோலோ. தென்னாப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவள். அவள் தாய்மொழி கோசா.

நான் எழுதியிருப்பது அவள் பெயரே அல்ல. நடுவில் வருவது ‘க்ஸ்’ இல்லை. கடைவாய்ப் பல்லோரம் நாக்கை இழுத்து விடும் ஒரு சொடுக்கு. அவள் மொழியின் பெயரும் அதே ஒலியில்தான் தொடங்குகிறது. கல்லூரியில் எல்லோருக்கும் அவள் ‘நோக்ஸி’. ஒரு வருடமாக யாரும் தன்னை முழுப் பெயரால் கூப்பிட்டதில்லை என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். நானும் முயன்று தோற்றவள்தான்.

புத்தூரில் வண்டி மாறி, கார்வேட்டிநகரத்தில் என் பெரியம்மா மகள் கஸ்தூரி அக்காவின் நிலத்துக்கு நடந்தோம். வரப்பில் போகும்போது நோக்ஸோலோ சட்டென்று திரும்பினாள். “யார் என்னைக் கூப்பிட்டது?”

அக்கா மாட்டுவண்டி ஓட்டி வந்துகொண்டிருந்தாள். மாடுகளை விரட்ட வாயோரம் எழுப்பிய ஒலி, அதே சொடுக்கு.

விஷயத்தைச் சொன்னேன். “இவ்ளோதானா?” என்ற அக்கா, ‘நோ’வுக்கும் ‘லோ’வுக்கும் நடுவே அந்தச் சொடுக்கை வைத்து அழைத்தாள். தோழி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெயருக்குச் சமாதானம் என்று பொருளாம்.

“நல்ல பேரு. மொதல்ல துன்னுங்க” என்று அக்கா களியும் கீரைக்குழம்பும் வைத்தாள். பிறகு கேட்டாள்: “ஒன் ஊட்டுப் பேரு இன்னாம்மா?”

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பேரு என்றால் குடும்பப் பெயர். நான் மொழிபெயர்த்ததும் தோழி எழுந்து நின்று தன் குல முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். சொடுக்குகள் மழைத்துளிபோல விழுந்தன. அக்காவின் கணவர், மாமா, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தார்.

“கண்ணாலம் ஆனா இது மாறிடுமா?” என்று அக்கா கேட்டாள்.

“மாறாது. புகுந்த வீட்டிலும் பிறந்த குலப் பெயரால்தான் மரியாதையாக அழைப்பார்கள். நன்றி சொன்னாலும் ஆறுதல் சொன்னாலும் அதைச் சொல்லித்தான்.”

“அப்போ பொறந்த வூடு கூடவே வந்துகினு கீது” என்றாள் அக்கா. தன் வீட்டுப் பேரைக் கல்யாணத்தோடு விட்டு வந்தவள்; அவள் குரல் இறங்கியிருந்தது.

மாலை திரும்பும் பஸ்ஸில் தோழி என் முன்னோர் பெயர்களைக் கேட்டாள். அப்பா, தாத்தா. அதற்கு மேல், பஸ் வடமாலைப்பேட்டை தாண்டியும் எனக்கு ஒன்றும் வரவில்லை. என் பெயருக்கு முன்னால் இருப்பது ஒற்றை எழுத்து.

திருப்பதியில் இறங்கியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். “நைனா, தாத்தாவோட அப்பா பேரு இன்னா?”



“இரும்மா. ஒங்க அத்தையக் கேட்டுச் சொல்றேன்.”