விஷுவுக்கு ஓடிப்போன கணினி

களமசேரியில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற வாடகை வீட்டில், விளக்கேற்றிய கையோடு கணினியையும் திறப்பது ஜலஜாவின் வழக்கம். டைப் இன்ஸ்டிட்யூட்டில் தொடங்கி, புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷமாகிவிட்டது. ஒரு கணினியும் தூரத்திலிருக்கும் சர்வரும் பிறர் காதில் விழாமல் பேசிக்கொள்ள வழி செய்வதுதான் அவள் தொழில். முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். அதைப் பார்த்துக் கணினி நம்பினால், இரண்டும் சேர்ந்து ஒரு சாவி செய்துகொள்ளும். அப்புறம் போகிற வார்த்தையெல்லாம் பூட்டித்தான் போகும்.

"உன் மெஷினுங்க ஒண்ணையொண்ணு நம்பி முடிக்கிறதுக்குள்ள என் பஸ் திருச்சூர் போயிடும்" என்பார் அவள் கணவர் சிவராமன். அவர் நடத்துநர்.

விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, ஒரு வியாழக்கிழமை. காலை ஆறே காலுக்குப் போன் வந்தது. அவள் எழுதிய புரோகிராமில் ஓடும் பகவதி கோயில் வழிபாட்டுக் கவுண்டரில் இருக்கும் பிஷாரடி.

"ஜலஜா மோளே, பட்டியல் இறங்கல. ஏழு மணிக்குப் புஷ்பாஞ்சலி. நூத்திப் பன்னெண்டு பேரு. வெளிநாட்டுலேர்ந்து நம்பிப் பதிஞ்சவங்க. பேரும் நட்சத்திரமும் இல்லாம மேல்சாந்தி பூஜையில எதைச் சொல்லுவாரு?"

அவள் வாயால் சொல்லிவிடவும் வழியில்லை. கவுண்டர் கணினியைத் தவிர யாரும், தானேகூடப் படிக்க முடியாதபடிதான் அந்தப் பெயர்களை அவள் பூட்டி வைத்திருந்தாள்.

"நீங்க எதையாவது தொட்டீங்களா சேட்டா?"

"நானா? திருநீறு பூசினதோட சரி."

சர்வரின் குறிப்பைப் பார்த்தாள். கவுண்டர் கணினி சான்றிதழை வாங்கிப் பார்த்து, 'இது காலாவதி' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தது. சான்றிதழோ தை மாதம் வரை செல்லும். ஒன்றும் புரியாமல் அதை அவரிடமே சொன்னாள்.

"கிழக்கே இருக்கிற கோயில்ல இந்தச் சான்றிதழ் சோதனையையே எடுத்துட்டாங்களாமே. ஒரே வரியாமே. எடுத்துடேன்" என்றார் பிஷாரடி.

"ஒரே வரிதான் சேட்டா. எடுத்துட்டா, நடுவுல எவன் வந்து 'நான்தான் சர்வர்'னாலும் உங்க கணினி அப்படியே நம்பிடும். அத்தனை பேரோட பேரும் நட்சத்திரமும் தெருவுல கிடக்கும். அதை மட்டும் கேக்காதீங்க."

"மணி ஆறரை ஆச்சு."

தேவியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டாள். சான்றிதழ் சரியென்றால், அதைப் பார்க்கிற கண்தானே பிசகியிருக்க வேண்டும்?

"சேட்டா, திரையில கீழ் மூலையில என்ன தேதி இருக்கு?"

பிஷாரடி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுப்பது கேட்டது.

"அது... ஏப்ரல் பதினஞ்சு. விஷுவுக்கு மறுநாள்."

"விஷுவுக்கே இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"நேத்து ஒரு அம்மா விஷுவுக்குப் பாயசம் நேர்ந்துகிட்டா. துபாய்க்குத் திரும்பிப் போறவ. உன் புரோகிராம் அன்னன்னிக்குத் தேதிக்குத்தான் ரசீது தருது. அதான் நானே தேதியைத் தள்ளி வச்சேன். திருப்ப மறந்துட்டேன்."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏப்ரலில் உட்கார்ந்திருக்கும் கணினிக்குத் தையில் முடிகிற சான்றிதழ் பழசாகத்தானே தெரியும்.

"முதல்ல தேதியை மாத்துங்க. உங்க மேல தப்பில்லை. வர்ற நாளுக்கு ரசீது போட நான்தான் இடம் வைக்கல."

"அப்ப இந்தப் பழியும் உனக்குத்தானா? நல்லதாப் போச்சு" என்றபடி அவர் விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்து, காகிதம் கரகரவென்று வெளியே வரும் ஓசை. "வந்துருச்சு மோளே, வந்துருச்சு. போனை வைக்காதே."

போனைக் கையிலேயே பிடித்தபடி அவர் நடந்தார். மணியோசைக்கு நடுவே மேல்சாந்தியின் குரல் வந்தது. ஒரு பெயர், ஒரு நட்சத்திரம், ஒரு பூ. சிவராமனும் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் வரைக்கும் ஜலஜா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு, ஆறிப்போன சாயாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ரசீதுப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்க உட்கார்ந்தாள்: 'எந்த நாளுக்கு?'