ஆதார் முகவரியில் இருந்தவர்

கொரோனா காலத்தில் தினமும் மாலையில் மாவட்ட வாரியாகத் தொற்று எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் வாசிப்பார்கள். தருமபுரி என்றதும் எங்கள் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். வட்டார சுகாதார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

பரிசோதனைக்குக் கொடுத்த ஆதார் அட்டையில் எந்த ஊர் இருக்கிறதோ, அந்த ஊர்க் கணக்கில்தான் நோயாளி முதலில் வருவார். எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தார்கள். பஸ் நின்றுபோய், ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே அடைந்து கிடந்தார்கள். எங்கள் பட்டியலில் மட்டும் தினமும் யாராவது வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எங்கே இருக்கிறார் என்று கேட்டு, வெளியூரில் இருந்தால் அந்த ஊர்க் கணக்குக்கு மாற்றுவது என் வேலை. மாற்றினால்தான் அங்குள்ளவர்கள் போய்ப் பார்ப்பார்கள்.

"நம்மூருல இவ்ளோ பேருக்கா?" என்று பதறுவார் பக்கத்து வீட்டு அக்கா.

"இதுல பாதிப் பேரு இங்க இல்லவே இல்லக்கா, ஓசூர்ல கெடக்கறாங்க" என்பேன், பெரிய அதிகாரி மாதிரி.

ஒரு காலையில் பட்டியலைத் திறந்தால் எங்கள் வீட்டுக் கதவு எண். என் வீட்டுக்காரர். ஓசூரில் கம்பெனி வேலை, அறையில் தனியாக இருந்தார். முந்தின நாள்கூட வெறும் சளி என்று மழுப்பியிருந்தார். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். போன் போட்டேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"கேக்கணுங்க. கேட்டுத்தான் மாத்தணும்."

இருமினார். "மாத்தாதயேன். லிஸ்ட்லயாச்சும் வூட்ல இருந்துட்டுப் போறேன்."

மூச்சு வாங்குகிறதா, சாப்பிட்டாரா என்று அதட்டிக் கேட்டுவிட்டு வைத்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. திரையில் அவர் பெயரும் எங்கள் தெருவும் எங்கள் கதவு எண்ணும் ஒரே வரியில் இருந்தன. அவர் உள்ளறையில் படுத்திருப்பது போலவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று மனம் கெஞ்சியது. ஆனால் இங்கேயே வைத்திருந்தால் அந்த அறைக் கதவை யார் தட்டுவார்கள்? மாற்றிவிட்டேன்.

மதியமே ஓசூர் நர்ஸம்மா ஒருவர் அவரைப் போய்ப் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகு, நோயாளிகளின் வீட்டாரிடம் நான் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்டார்.

"கடைசியா எப்பங்க அவரப் பாத்தீங்க?"

"பஸ் ஓடிட்டு இருந்தப்பங்க."

"அப்ப உங்களுக்கு டெஸ்ட் வேண்டாங்க. இவ்ளோ நாளா நீங்க அவருகிட்டயே வரலையே."

அவர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். சரிங்க என்று போனை வைத்துவிட்டு அழுதேன். டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டிய அளவுக்கு நான் அவர் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா?