அண்ணாவும் அசீர்த்திகோக் கொடியும்

அண்ணாவின் நல்லடக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பகுதியினர் இருந்தார்கள். ஒரு பகுதியினர் அவரை எங்கள் ஊரான இளவாலையில் இளைஞராகக் கண்டவர்கள். மற்றவர்கள் டென்மார்க்கில், தலை நரைத்த பிறகு கண்டவர்கள். இடையில் அவர் எங்கே இருந்தார் என்று இரு பகுதியினரும் என்னிடம் கேட்டார்கள். தேநீர்க் கோப்பையோடு நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. ஆகவே அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகக் கூடியிருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, தங்கையாகிய நான் அதை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

அண்ணா எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. எங்கள் தகப்பனாரான ஐயா செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். பின்னர் ஒரு துண்டில் முந்திரிகை போட்டார். திராட்சையை எங்கள் ஊரில் முந்திரிகை என்றுதான் சொல்வோம். தலைக்கு மேலே பந்தல், காலடியில் கிணற்றுத் தண்ணீர், பந்தலின் கீழே தொங்கும் குலைகள்: அண்ணா அறிந்த முந்திரிகைத் தோட்டம் அதுதான். ஐயா காலமானபின் தோட்டத்தையும் எங்களையும் அவரே பார்த்தார். தங்கைகள் இருவருக்கும் கலியாணம் செய்து வைத்த பிறகுதான் கிரேக்கக் கப்பலொன்றில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு கோடையில் அந்தக் கப்பல் திருத்த வேலைக்காகக் கிரேக்கத் துறைமுகமொன்றில் கட்டப்பட்டுக் கிடந்தது. கூட வேலை செய்த யோர்கோ என்பவர், சும்மா இருப்பதை விட்டு எங்கள் வீட்டு அறுவடைக்கு வா என்று அண்ணாவைத் தம் ஊரான சந்தோரினித் தீவுக்கு அழைத்துப் போனார். சில கிழமைக்கென்று போன அண்ணா பல வருடங்கள் அங்கே தங்கிவிட்டார்.

தீவைப் பற்றி அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மண் சாம்பல் மாதிரி, பிள்ளை. எப்பவோ எரிமலை வெடிச்சுக் கொட்டின மண். கிணறு இல்லை, கோடையில மழை ஒரு சொட்டு இல்லை. குருவிக்கூடு மாதிரி நிலத்தில அங்கங்க ஏதோ கிடக்குது. முந்திரிகைத் தோட்டம் எங்கை எண்டு கேட்டன். யோர்கோ சொல்லுறான், நீ அதுக்குள்ளதான் நிக்கிறாய், காலை எடு எண்டு.”

அந்தக் கூடுகள்தான் கொடிகள். தீவில் காற்று அப்படி அடிக்குமாம். அதனால் கொடியை மேலே ஏற்றாமல், வருடா வருடம் தண்டை வளைத்து வளைத்து நிலத்தோடு ஒரு கூடையாகப் பின்னிவிடுவார்கள். குலைகள் கூடைக்குள்ளே, இலையின் நிழலில் காய்க்கும். இரவில் கடலிலிருந்து வரும் பனிப்புகாரின் ஈரத்தை அந்த மண் குடித்து வைத்திருக்கும். அதைவிட வேறு தண்ணீர் கிடையாது. கூடை கிழடு தட்டினால் தலையை வெட்டிவிடுவார்கள். பழைய வேரிலிருந்து புதுக்கொடி வரும். வேரின் வயதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்களாம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

அந்தக் கொடியின் பெயர் அசீர்த்திகோ. வெள்ளை வைனுக்கான பழம். முற்றினால் பொன்னிறமாகும். அத்தனை வெயிலிலும் அதன் புளிப்புப் போவதில்லை. அதுதான் அதன் பெருமை என்பார் அண்ணா. ஓகஸ்டில் பறித்து, ஒரு பங்கைப் பல நாள் வெயிலில் பரப்பி வாட்டி, இனிப்பு வைன் செய்வார்கள். கோயிலில் பூசைக்கு வைப்பதும் அதையே.

முதல் வருடம் யோர்கோவின் தாயார் ஒரு மூலையை அண்ணாவிடம் விட்டார். முந்திரிகை தெரிந்த யாழ்ப்பாணத்து மனிதர் என்ன செய்வார்? கம்பு நட்டார், குறுக்கே கம்பி கட்டினார், இளங்கொடிகளை மேலே ஏற்றினார், கோவேறு கழுதையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பூக்கும் காலத்தில் ஒரு காற்று வந்தது. பூ, இலை, கம்பு எல்லாம் அடுத்த தோட்டத்தில் கிடந்தன.

“மனுசி ஏசேல்லை. எனக்கு முதுகில தட்டிப்போட்டுச் சொல்லுது, மகனே, இந்தத் தீவில நிமிந்து நிக்க உத்தரவு கோயில் மணிக்கோபுரத்துக்கு மட்டும்தான் எண்டு. அந்தக் கிழமையே குந்தியிருந்து கூடை பின்னப் பழகினன்.”

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின் பின் நானும் என் கணவரும் டென்மார்க்குக்கு வந்து ரண்டர்ஸில் குடியேறினோம். செய்தி அறிந்து, அடுத்த வருடம் குளிர் முடியும் முன்னரே அண்ணாவும் வந்து சேர்ந்தார். அவருடைய பெட்டியில் உடுப்பு குறைவு. ஈரத் துவாயில் சுற்றிய மூன்று அசீர்த்திகோத் தடிகள் இருந்தன.

நகரசபை ஊருக்கு வெளியே வாடகைக்குக் கொடுக்கும் சிறு தோட்டத் துண்டு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த துண்டு இங்கர் என்ற ஓய்வுபெற்ற டெனிஷ் அம்மையாருடையது. அண்ணா வேலியோரம் நின்று காற்றைப் பார்த்தார். நாங்கள் இருக்கும் இந்த யூலன்ட் பகுதியின் காற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“மச்சான், காத்து அதே காத்துத்தான்,” என்று என் கணவரிடம் சொன்னார். “கூடைதான் சரி.”

மூன்று தடிகளும் துளிர்த்தன. தளிர்களை நிலத்தோடு வளைத்தார். காற்று அவற்றை ஒன்றும் செய்யவில்லை. மழைதான் செய்தது. இங்கே மண் களி, கோடையிலும் ஈரம் காயாது. முதல் வருடம் ஒரு கொடி அழுகியது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் வைத்து மேலே ஏற்று, டென்மார்க்கில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம் என்று இங்கர் வேலிக்கு மேலால் சொன்னார்.

“கண்ணாடிக்குள்ள வைக்க அது என்ன மாதா சுரூபமே?” என்றார் அண்ணா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாம் வருடம் அடுத்த கொடியும் போயிற்று. அந்த இலையுதிர்காலத்தில்தான் அண்ணாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம் பலவீனம், மண்வெட்டி தொடக்கூடாது, நீண்ட பயணம் கூடாது என்று வைத்தியர் சொன்னார். நான் டெனிஷில் கேட்டுத் தமிழில் சொன்னேன். அண்ணா கேட்டது நோயைப் பற்றியல்ல.

“தீவுக்கு இனிப் போக ஏலாது, என்ன? அப்ப அந்தப் பழத்தை இங்கதான் ஒருக்கா வாயில வைக்கவேணும், பிள்ளை. ஒரு கொடிதான் இருக்கு.”

அந்த ஒரு கொடியும் ஈரத்தில் நின்றது. அதைப் பெயர்த்து இங்கரின் கண்ணாடிக் கூடாரத்தில் நடலாம் என்று இங்கர் மறுபடியும் சொன்னார். என் கணவர் அண்ணாவின் கட்டிலருகில் இருந்து கேட்டார்:

“மச்சான், விட்டா அழுகிச் சாகும். கிண்டினா வேரறுந்து சாகலாம். நீங்கள்தான் சொல்லவேணும்.”

“கிண்டும் மச்சான்,” என்றார் அண்ணா.

இலை கொட்டிய பின், நிலம் உறையும் முன் அதைச் செய்தோம். அண்ணா கம்பளி போர்த்துக் கதிரையில் இருந்தார். என் கணவரும் இங்கரும் இரு பக்கமும் கிண்டினார்கள்.

“வேரைப் பாத்து! அது உருளைக்கிழங்கில்லை எண்டு சொல்லு அந்த மனுசிக்கு!”

இதை நான் மொழிபெயர்த்தேன். இங்கர் நிமிர்ந்து, “சின்ன வயதிலிருந்து உருளைக்கிழங்கு கிண்டுகிறேன், ஒன்றில்கூடக் காயம் பட்டதில்லை என்று சொல்,” என்றார். அண்ணா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு.

வசந்தத்தில் இங்கரின் தக்காளி எல்லாம் எழும்பி நின்றன. கொடி விறகாகவே இருந்தது. ஏப்ரல் என்று சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அது தவறு, மே மாதம்தான் ஒரு கணுவில் துளிர் வந்தது. அண்ணா நாள்தோறும் பேருந்தில் போய், கதிரையில் இருந்தபடியே அதைக் கூரைக் கம்பிக்கு ஏற்றிக் கட்டினார்.

“உலகம் சுத்தி வந்து கடைசியில ஐயாவின்ரை பந்தல்தான் போட்டிருக்கிறன்,” என்று சொன்னார். சொன்ன குரலில் தோல்வி இருக்கவில்லை.

ஒக்டோபரில் இரண்டு குலைகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையளவு. பொன்னிறம் வரவேயில்லை, பச்சைதான். அண்ணா ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்து நின்றோம்.

“ஓம்,” என்றார். “அதுதான்.”

என் கணவர் ஒன்றைத் தின்றுவிட்டு முகத்தைக் கோணினார். “இஞ்சத்தைக் குளிருக்கு எந்தப் பழமும் புளிக்கும்தானே, மச்சான்?”

“காய்ப் புளிப்பு வேறை, இது வேறை. விழுங்கிப்போட்டுப் பாரும், பின்னால உப்பு வரும். அது அந்தக் கடல்.”

எனக்கு உப்புத் தெரியவில்லை. இங்கருக்குத் தெரிந்ததாம். அண்ணாவுக்குத் தெரிந்தது, அது போதும்.

மிச்சத்தை அவர் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்து, அந்த மாதம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். நத்தார்ப் பண்டிகை வரை நன்றாக இருந்தார். தைமாதத்தில், சுவாமி வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்த மறுநாள் காலை, உறக்கத்திலேயே இறைவனிடம் சென்றார்.

அண்ணாவைக் கவனித்த ஆஸ்பத்திரித் தாதியருக்கும், பனியில் வந்து ஜெபித்த சுவாமிக்கும், பெட்டி தூக்கிய தம்பிமாருக்கும், பிராண்டே ஊரிலிருந்து சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்த சகோதரிகளுக்கும் எங்கள் நன்றி. தம் கண்ணாடிக் கூடாரத்தின் பாதியை ஓர் அந்நியருக்குக் கொடுத்த இங்கருக்கும் நன்றி. அவருக்கு இதை வாசித்துச் சொல்வேன். கடைசியாக, அந்த ஒக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணா நீட்டிய பழத்தை வாங்கி, பல் கூசியும் துப்பாமல் விழுங்கி, “நல்லாயிருக்கு அண்ணை” என்று சொன்ன உங்கள் எல்லோருக்கும் என் தனிப்பட்ட நன்றி. நீங்கள் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் படியிறங்கிப் போன பின் கதவைச் சாத்திவிட்டு, அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.