சித்தி கூப்பிடாமல் விட்ட பிள்ளை

என் சித்தி நடத்தும் மழலையர் பள்ளி, சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு நீள அறை. பலகைதான் பள்ளி என்று சொல்கிறது. பாடம் நடந்து நான் பார்த்ததில்லை. தாழ்வான அலமாரிகளில் மரக்கட்டை, சொம்பு, புனல், பூட்டு சாவி. பிள்ளைகள் வந்து பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். சித்தி தரையில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதால், தரை துடைக்க என்று அம்மா என்னை அங்கே தள்ளிவிட்டிருந்தாள்.

"உனக்கு வேலையே இல்லையா சித்தி?"

"சும்மா இருக்கிறதுதான்டி கஷ்டம். நீ கொஞ்ச நேரம் இருந்து காட்டு."

முன்பு அவள் பெரிய பள்ளி ஒன்றில், பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொல்லும் டீச்சர். ஒருநாள் ஒரு குழந்தை சாப்பாட்டு நேரத்திலும் விரலை எடுக்கவில்லையாம். சித்தி வேலையை விட்டுவிட்டாள். அதன்பின் அவளுக்கு ஒரே சட்டம்: குழந்தை ஒன்றில் மூழ்கியிருந்தால் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது.

அந்தச் சட்டத்துக்கே பிறந்தவன் மாதிரி ஒருத்தன் இருந்தான். மூன்று வயது. சொம்பிலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுவான், மறுபடி ஊற்றுவான். முகத்தில் அப்படி ஒரு கண்டிப்பு. 'மேஸ்திரி' என்று பட்டம் வைத்தேன். அவன் பேசவில்லை. அவன் அம்மா கேட்கும்போதெல்லாம் சித்தி சொல்வாள், "அவசரப்படுத்தாதீங்க. பேசணும்னு தோணும்போது பேசுவான்." இப்படியே ஒரு வருஷம் போனது.

ஒருநாள், சித்தி திறந்ததும் சரியட்டும் என்று விளையாட்டுக்காகக் கதவு போட்ட குட்டை அலமாரிக்குள் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிவைத்தேன். சரிந்தன. கீழே சைக்கிள் கடைக்காரர்கூட, "மேலே என்னம்மா, வீடு இடியுதா?" என்று கத்தினார். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள், ஒருத்தி மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள். மேஸ்திரி முதுகைத் திருப்பியபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கழுதை! அவனைப் பாரு, என்ன கவன..."

சொல் பாதியில் நின்றது. சித்தி எழுந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கைதட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அந்த அறையில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். அவன் தண்ணீர் ஊற்றினான்.

டாக்டர் பார்த்தார். இரண்டு காதும் கேட்கவில்லை. மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும், முன்னாடியே வந்திருக்கலாம் என்றார். அவன் அம்மா சித்தியிடம் சண்டை போடவில்லை. "உங்களை நம்பித்தானே டீச்சர் காத்திருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து சித்தி ஒவ்வொரு பிள்ளையையும் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தபிறகுதான் உள்ளே விட்டாள். புதிதாய்ச் சேர்க்க வருகிறவர்களிடம் மேஸ்திரி கதையை அவளே சொன்னாள். சிலர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் மேஸ்திரியின் அம்மா வாசலில் நின்றாள். "எங்கே போனாலும் சொம்பைத் தேடுறான்" என்றாள். அவன் காதுகளில் மெஷின். நேரே அலமாரிக்குப் போனான், ஊற்றினான். தண்ணீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டான். வலது காது மெஷினைப் பிடுங்கினான், இடதையும் பிடுங்கினான், இரண்டையும் கொண்டுவந்து சித்தி மடியில் போட்டான்.

"மாட்டி விடுங்க டீச்சர். இல்ல, இதுக்கும் ஒரு வருஷம் காத்திருப்பீங்களா?"

சித்தி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறும்மா. இன்னிக்கு நானே மாட்டிடுறேன், விடமாட்டேன். ஒரு தடவை மட்டும் ஊத்தட்டும்."

அவன் ஊற்றினான். நின்றான். சொம்புக்குள் எட்டிப் பார்த்தான், எதையோ தொலைத்தவன் மாதிரி. பிறகு சித்தியிடம் வந்து தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினான்.

சித்தி எப்படித் திருப்பி வைத்துப் பார்த்தும் மெஷின் காதுக்குள் ஏறவே இல்லை. அவன் அம்மாதான் குனிந்து வாங்கி மாட்டினாள்.

அன்று முழுக்க ஊற்றினான். அறையெல்லாம் குளம். துடைத்தது நான்தான், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.