எம்சி எடுத்துட்டு கார்ட்டூன் பார்த்த கதை

காய்ச்சல்னு கிளினிக்ல எம்சி, அதான் லீவுக்கு டாக்டர் குடுக்குற சீட்டு, வாங்கிட்டு, ஈப்போ வீட்டுல படுத்துக்கிட்டே, சின்ன வயசுல பார்த்த சூப்பர்ஹீரோ கார்ட்டூன மறுபடியும் ஆரம்பிச்சேன். காலையிலேருந்து அஞ்சு எபிசோட்.

அப்பத்தான் திரை மூலையில இருந்த பேரக் கவனிச்சேன். கமலா.

எங்க ஆபீஸ்ல நாலு பேரு சேர்ந்து படம் பார்க்க ஒரே ஸ்ட்ரீமிங் அக்கவுண்ட்தான் வச்சிருக்கோம். கமலா அக்கா எங்க சூப்பர்வைசர். இவ்வளவு நேரமும் அவங்க ப்ரொஃபைல்ல பார்த்திருக்கேன்.

பார்த்த லிஸ்ட்ட அழிக்கிறதுக்குள்ள அக்காகிட்டேருந்து மெசேஜ் வந்துருச்சு.

"தம்பி, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"எழுந்திரிக்கவே முடியலக்கா. தூங்கிக்கிட்டே இருக்கேன்."

படிச்சுட்டாங்க. அப்புறம் பதில் வந்துச்சு.

"சரிலா. அடுத்த எபிசோட்ல முகமூடியக் கழட்டிருவான். அதையும் பார்த்துட்டுத் தூங்கு."

இப்ப நெஜமாவே உடம்பு சுடுது. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்கலா.