எதிர் பிளாக்கின் கூடு

பெருங்களத்தூரில் எங்கள் வீடு நான்காவது மாடி. எதிர் பிளாக்கின் சன்ஷேடுக்குக் கீழே முறம் அகலத்துக்கு ஒரு மலைத்தேன்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பறவையையும் ஒரு பூச்சியையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். ஐந்தாவது படிக்கும் என் மகள் அந்தத் தேனீக்களையும், மூன்று நாளாகத் தண்ணீர்த் தொட்டிமேல் அமர்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த தேன்பருந்தையும் எடுத்துக்கொண்டாள்.

பருந்துக்கு முகத்தில் செதில்போல் இறகு, கொட்டு ஏறாது. தேனீ கொட்டினால் அதுவே செத்துவிடும். இதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாள். 'எத்தனை' என்ற இடத்தில் மட்டும் பருந்துக்கும் ஒன்று, தேனீக்கும் ஒன்று.

"ஆயிரக்கணக்குல இருக்கும்மா" என்று அடித்துத் திருத்தினேன்.

"அங்க பாருங்கப்பா. பருந்து றெக்கைய விரிச்சா எல்லாம் சேந்து சிலிர்க்குது. அது ஒண்ணுதான்."

கூட்டின்மேல் பளபளவென்று ஓர் அலை ஓடி அடங்கியது. "மார்க் போயிடும்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் அவள் கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது பருந்து கூட்டில் பாய்ந்தது. அடையில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டது. அதை ஒன்றும் செய்ய முடியாத தேனீக்கள் கீழே இறங்கின.

ஜன்னலுக்கு ஓடினேன். சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கவர் போட்டு மூடிய ஒரு கார். கவர்மேல் தேனீக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. ஓரத்தில், ஒரு குழந்தை குந்தியிருக்கும் அளவுக்குப் புடைப்பு. அதன்மேல் அதே அலை ஓடியது.

இன்டர்காமில் வாட்ச்மேன். "சார், எறங்கி வராதீங்க! பாப்பா கவருக்குள்ள பூந்துகிச்சு. அசையாம கீது. நீங்க வந்து கலைச்சீங்கன்னா ரொம்ப பேஜாராயிடும்."

கத்த வந்த வாயைப் பொத்திக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் எதுவும் காதில் விழவில்லை. ரீங்காரம் மட்டும். தொட்டிமேல் பருந்து நிதானமாக அடையைக் கொத்தித் தின்றது.

பிறகு, யாரோ துணியை உதறியதுபோல, எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

மகளுக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. கிளினிக்கில் ஊசி போடும்வரை அழவில்லை.

"கொட்டினதுகூடப் பரவால்லப்பா. வெளியேர்ந்து தடவிப் பாத்துச்சு. தலை எது, முதுகு எதுன்னு. ஒரே கை மாதிரி."

அந்த வாரமே கூடு காலியானது. சன்ஷேடில் கறுப்பு மெழுகுத் தடம் மட்டும் மிஞ்சியது. நோட்டில் என் திருத்தத்தை அடித்துவிட்டு அவள் எழுதியதையே மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

நேற்றுக் காலை துணி உலர்த்தும்போது பார்த்தேன். அந்தத் தடத்தின்மேல் ஒரு தேனீ மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். "என்னப்பா?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.