ஒரு புருவம் முடிஞ்சிருந்தப்போ

பியூட்டி பார்லர் வேலைன்னா அடுத்தவங்க முகத்தைப் பார்க்கிற வேலைன்னு நினைச்சுத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, அது அடுத்தவங்க பேச்சைக் கேட்கிற வேலை. நாற்காலியைச் சாய்ச்சு கண்ணை மூடச் சொன்னா போதும், மாமியார் கதையிலேருந்து மூட்டு வலி வரைக்கும் எல்லாம் வந்துடும். நம்ம கதையை மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க. எனக்கு அதுதான் வசதியா இருந்துச்சு.

ஏன்னா என் கதை அப்படி. இருபத்தோரு வயசுல, காலேஜ் கடைசி வருஷத்துல, கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. கேன்சர்னாங்க. சென்னை ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா மருந்து ஏத்தினாங்க. அது முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. "இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்"னு டாக்டர் சொன்ன அன்னைக்கு அம்மா ஆஸ்பத்திரி வாசல்லயே உட்கார்ந்து அழுதாங்க. எனக்கு அழுகை வரல, பசிதான் வந்துச்சு.

அதே வார்த்தையைக் கேட்டுட்டு வீடு திரும்பின தோஸ்துங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். எந்த மாத்திரையை எப்போ முழுங்கணும்னு சீட்டுல எழுதித் தந்தாங்க, பொழைச்சு வந்த பிறகு எப்படி வாழுறதுன்னு யாராவது எழுதித் தந்தாங்களா? இந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது. இப்போதைக்கு என் வியாதி அதுதான்.

எங்க சுருட்டினே?

மருந்துக்கு முன்னாடி என் முடி நேரா இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. மருந்து முடிஞ்சு முளைச்சது சுருள் சுருளா வந்துச்சு. செங்கம் ரோட்டுல கெஸ்ட் ஹவுஸ் நடத்துற ஒரு அம்மா பேஷியலுக்கு வந்தவங்க, கண்ணாடியில அவங்க முகத்தைப் பார்க்காம என் தலையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "எந்த ஊர் பார்லர்ல சுருட்டினே? பார்லர் முடின்னே தெரியல"ன்னாங்க.

என்னத்தைச் சொல்றது? "சென்னையிலம்மா"ன்னேன். எத்தனை நாள் நிக்கும்னாங்க, தெரியலைன்னேன். எத்தனை தடவை போகணும்னாங்க. "ஆறு தடவை போனேம்மா. ஒவ்வொரு தடவையும் பாதி நாள் அசையாம உட்காரணும்"னேன். அதுல ஒரு பொய் கிடையாது, பார்த்துக்கோங்க. அந்தம்மா உதட்டைப் பிதுக்கினாங்க. "யப்பா, ஆறு தடவையா? அழகுக்காக உன்னை மாதிரி கஷ்டப்பட எனக்குப் பொறுமை இல்லம்மா."

ரெண்டாவது மொட்டை

நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டாங்களாம், பொண்ணு பொழைச்சா மொட்டை போடுறேன்னு. அவங்க தலைக்கு இல்லைங்க, என் தலைக்கு! புதுசா முளைச்ச முடி தோளைத் தொடுற வரைக்கும் வாயே திறக்காம இருந்துட்டு, போன ஆடியில கூட்டிட்டுப் போய் மொத்தமா வழிச்சுட்டாங்க. "ஒரு தடவைதான் எல்லாம் கொட்டிடுச்சேம்மா, அதையே கணக்குல வெச்சுக்கச் சொல்லு"ன்னு கெஞ்சினேன். "அது மருந்துக்குப் போனது, சாமிக்குப் போனதா?"ன்னு கேட்டாங்க. திட்டினேன், அழுதேன், அப்புறம் சந்தனம் பூசிக்கிட்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அடி அண்ணாமலையிலேருந்து ஒரு கல்யாணப் பொண்ணு அலங்காரத்துக்கு வந்துச்சு. நான் மொட்டைத் தலையும் சீப்பும் கையுமா நிக்கிறேன். மருந்து சமயத்துல இதே மாதிரி தலையோட பஸ்ல ஏறினப்போ, பக்கத்து சீட்டு அம்மா எழுந்து முன்னாடி போய் நின்னுக்கிட்டாங்க. அது இன்னும் மறக்கல. பொண்ணோட அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "எந்த சாமிக்கு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அவ்ளோதான், கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதே தலை, காரணம் மட்டும் வேற. "வேண்டுதல் தீர்த்த பொண்ணா? அப்போ என் பொண்ணு ஜடையை நீயே பின்னும்மா, வேற யாரும் தொட வேணாம்."

மறந்துட்டு வந்த முகம்

உடம்பு தேறினாலும் ஞாபகம் தேற நாளாகும்னு நம்ம கூட்டத்துக்குத் தெரியும். வெச்ச சாமான் வெச்ச இடத்துலதான் இருக்கும், எந்த இடம்னுதான் தெரியாது. தியானம் பண்ண பெங்களூர்லேருந்து வந்து ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்திருந்த ஒரு மேடம் வந்தாங்க. முகத்துல களிமண் பேக் போட்டு, கண்ணுல வெள்ளரித் துண்டு வெச்சு, "இருபது நிமிஷத்துல வர்றேன் மேடம்"னு சொல்லிட்டு உள்ளே டவல் மடிக்கப் போனேன். மடிச்சேன். டீ குடிச்சேன். இன்னொரு பொண்ணுக்கு மருதாணி வெச்சேன், ரெண்டு கைக்கும்.

ஞாபகம் வந்து ஓடினா, பேக் காய்ஞ்சு கோடை காலத்து ஏரி மாதிரி வெடிச்சுக் கிடக்குது. முதலாளி மல்லிகா அக்கா என்னை முறைச்சாங்க. மேடம் மெதுவா வெள்ளரித் துண்டை எடுத்துட்டு எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க. "பத்து நாளா உட்கார்ந்து பார்த்தேன், இன்னைக்குத்தான் மனசு ஒரு இடத்துல நின்னுச்சு, நாளைக்கும் இதே மாதிரி போட்டுட்டு யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

பழைய போட்டோ

தை பொறந்ததும் கீழ்பென்னாத்தூர்லேருந்து ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை சொந்தமா வேன் வெச்சு ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவர். அம்மா ஜாதகத்தோட என் காலேஜ் போட்டோவைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. நீட்டு ஜடை, உப்பின கன்னம், பார்த்தா எனக்கே யாரோ மாதிரி இருக்குது. "நேர்ல பார்த்துட்டு முடி எங்கேன்னு கேட்டா?"ன்னேன். "வேண்டுதல்னு சொல்லு"ன்னாங்க. "மத்தது?" "கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என்ன பொய் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்? குழந்தை விஷயத்துல டாக்டரே "பார்க்கலாம்"னுதான் சொல்லியிருக்கார். அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? சொல்லிட்டா வேணாம்னு போயிடுவாங்களோன்னும் பயம். அவங்க அனுப்பின போட்டோவுல அந்த ஆளை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதையும் ஒளிக்காம சொல்லிடுறேன்.

வெளி ஆளுங்கள்ல மல்லிகா அக்காவுக்கு மட்டும்தான் என் விஷயம் தெரியும். அவங்ககிட்ட கேட்டேன். வேக்ஸைக் கிண்டிக்கிட்டே, தலையைத் தூக்காம பதில் சொன்னாங்க. "உடம்பை விட்டுப் போன சனியனை நீ ஏன்டி வாய்ல வெச்சுக்கினு சுத்துறே? பேசாம கழுத்தை நீட்டு."

செல்வி இல்லையா?

போன பௌர்ணமி. ஊரெல்லாம் மலை சுத்த வந்த கூட்டம், பார்லர்ல நான் மட்டும் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். மல்லிகா அக்கா மதியம் சாப்பிடப் போனவங்க கூட்டத்துல மாட்டிக்கிட்டாங்க. நாற்பது வயசு இருக்கிற ஒருத்தங்க வந்து, புருவம் எடுக்கணும்னாங்க. உட்கார வெச்சு, நான் மூக்கு வாயை மறைச்சு மாஸ்க் போட்டுக்கிட்டு, நூலைக் கழுத்துல மாட்டி ஆரம்பிச்சேன். வலது புருவம் முடிஞ்சுது. அவங்க கண்ணாடியில அங்கயும் இங்கயும் தேடிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க. "இங்க செல்வின்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதாமே, நீட்டு ஜடை. இன்னைக்கு லீவா? கீழ்பென்னாத்தூர்லேருந்து வர்றேன், என் தம்பிக்குப் பார்த்திருக்கோம். நீ கூட வேலை செய்யறவ, உள்ளதைச் சொல்லு. பொண்ணு எப்படி?"

செல்வி நான்தான். கையில நூல் அப்படியே நின்னுபோச்சு. அம்மா சொன்னது ஒரு காதுல, மல்லிகா அக்கா சொன்னது ஒரு காதுல. ரெண்டையும் மீறி வாய் பேசிடுச்சு. "நல்ல பொண்ணுதான்க்கா. ஆனா அதுக்குக் கேன்சர் வந்துச்சு. மருந்து முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, இப்போ ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு செக்கப் போகணும். குழந்தை பொறக்குமான்னு டாக்டருக்கே உறுதியா தெரியாது"ன்னு மொத்தத்தையும் கொட்டிட்டேன்.

அவங்க முகம் மாறிப்போச்சு. எழுந்து போயிடுவாங்கன்னு நினைச்சா, என் மேல பாய்ஞ்சாங்க. "ஏம்மா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா? செத்துப் பொழைச்சு வந்து நாலு பேரை மாதிரி வேலை செஞ்சுக்கினு இருக்குது ஒரு பொண்ணு. கூடவே இருந்துக்கினு, முன்னப் பின்ன தெரியாத என்கிட்ட அதோட கதையைப் போட்டு உடைக்கிறியே! உனக்கு வந்திருந்தா இப்படி ஊருக்குச் சொல்லிக்கினு இருப்பியா?"

நான் மாஸ்க்கைக் கழட்டினேன். "எனக்குத்தான்க்கா வந்துச்சு. நான்தான் செல்வி."

அவங்க என் முடியைப் பார்த்தாங்க, கழுத்துல இருக்கிற தழும்பைப் பார்த்தாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. அடக்கணும்னு தோணல. அவங்களும் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. திடீர்னு கண்ணாடியைப் பார்த்துட்டு, "ஐயையோ, இன்னொரு புருவத்தை முடிம்மா முதல்ல, இப்படியே பஸ் ஏறினா ஊரே சிரிக்கும்"னாங்க. கண்ணுல தண்ணியோட எடுத்ததுல இடது புருவம் ஒரு நூல் கம்மியாத்தான் வந்துச்சு. அவங்க அதைக் கவனிச்சாங்க, ஆனா காசை எண்ணி என் கையில வெச்சாங்க. வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்து என் தோளைத் தொட்டாங்க. "நான் வீட்டுல எதையும் மறைக்க மாட்டேன், என் தம்பி என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிக்கினு வர்றேன், என்கிட்ட சொன்ன மாதிரியே அவன்கிட்டயும் நீயே சொல்லு."

எதிர்ல இருக்கிறவங்க எழுந்து போக முடியாத நேரமா பார்த்து உண்மையைச் சொல்லணும்கிறதுதான் இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்ட ஒரே வித்தை, ஆனா ஞாயித்துக்கிழமை வர்ற ஆளுக்கு எந்தப் புருவத்தை எடுக்கிறதுன்னுதான் தெரியல.